தினமும் ஆறரைக்கு வந்தவர்

பவானிபூர், கொல்கத்தா
8 ஜூன் 2025, ஞாயிறு

மாதவ்,

'அன்புள்ள' என்று போட மனசு வரவில்லை. அதற்காக நீ வருத்தப்பட்டால் படு.

உன் நம்பரை நான்தான் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். பேசினால் சண்டை வரும். மெசேஜில் எழுதினால் அது எங்கெங்கே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஆகவே காகிதம், பேனா. அப்பா நாளைக்கு இதைத் தபாலில் சேர்ப்பார். இடுப்பெலும்பு சரியான பிறகு நடப்பதற்கு ஒரு சாக்கு தேடிக்கொண்டே இருக்கிறார். வீட்டுப் பத்திரம் விஷயமாக நமக்குள் ஏதோ தகராறு என்று அவராகவே முடிவு கட்டி, இரண்டு நாளாக என்னைப் பாவமாகப் பார்க்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூலையில் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ எனக்குச் செய்து கொடுத்த உபகாரம் ஞாபகமிருக்கிறதா? பம்பிங் ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை, எனக்கு லீவு கிடையாது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கண்ட்ரோல் ரூம் சீட்டை விட்டு ஓடுவேன். நீ எலுமிச்சை சாதத்தோடு வந்தாய். கம்ப்யூட்டர் கேபினெட் ரிப்பேருக்காகத் திறந்து கிடந்தது. சிம் போட்ட நெட் குச்சியை அதன் பின்னால் சொருகினாய், என் போனில் ஒரு ஆப் போட்டாய். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று ஸ்கிரீனில் பார்த்து, கீழே பம்ப் பக்கம் இருக்கும் முகமது இஸ்மாயிலுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்த நாற்பது நாள் அது இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுத்துவிடு என்று துர்கா பூஜை சமயத்தில் சொன்னேன். சரி என்றாய். எடுத்தாயா? அதற்குள் கேபினெட்டைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் ரெஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவேன்?

மே 22 காலையில் நடந்ததைப் போனில் அரைகுறையாகத்தான் கேட்டாய். முழுசாகப் படி. ஆறே முக்கால் மணி. ஒரு பம்ப் நின்றுவிட்டது, தொட்டித் தண்ணீர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கியது, அலாரம் அடித்தது, ஸ்கிரீனில் சிவப்பு மினுக்கியது. நான் மவுஸைத் தொடுவதற்குள் ஸ்கிரீனில் இருந்த அம்பு தானாக நகர்ந்தது. நகர்ந்து போய் சிவப்பை அழுத்தியது. அலாரம் நின்றது. அறையில் என்னைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. நான் அப்போது டீ போட எழுந்து போயிருந்தால் தொட்டி காலியாவது யாருக்கும் தெரிந்திருக்காது. இன்றைக்கு அலாரத்தை அணைத்த கை நாளைக்கு குளோரின் அளவை மாற்றலாம். பாதி பவானிபூர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. நம் அம்மாவும் குடிக்கிறாள்.

உனக்குப் போன் செய்து நீயா உள்ளே வந்தாய் என்று கேட்டேன். மவுஸ் கெட்டுப் போயிருக்கும், உனக்குப் பிரமை என்றாய். நான் சொன்னதைச் சொன்னேன், நீ வைத்துவிட்டாய். அதன் பிறகு இரண்டு வாரம் கோபத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது என் தப்பு.

இப்போது எழுதக் காரணம், வெள்ளிக்கிழமை ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. தண்ணீர், மின்சாரம், ஆலை இயந்திரங்களைக் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டுகிறவர்களுக்கு மத்திய அரசு உதவியோடு மூன்று வாரப் பயிற்சி, சால்ட் லேக் செக்டர் ஃபைவில். வெளியிலிருந்து திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறவர்களை எப்படிப் பிடிப்பது, எப்படித் தடுப்பது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். எங்கள் ஸ்டேஷனிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எஞ்சினியர் எல்லார் முன்னாலும், இவங்கதான் இங்கே ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

முதலில் அந்த சிம்மை நிறுத்து. அப்புறம் உண்மையைச் சொல். வந்தது நீயா?

கீதாஞ்சலி


வேளச்சேரி, சென்னை
13 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன். ஒன்று எனக்கு, பூஜ்யம் உனக்கு.

கவரில் அப்பா கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நின்றபடியே பிரித்தேன். என் தமிழ் கையெழுத்தை மன்னித்துக்கொள். பத்து வருஷமாக ஷாப்பிங் லிஸ்ட் தவிர வேறெதுவும் எழுதியதில்லை.

நான் இல்லை. அம்மா மேல் சத்தியம். சென்னைக்கு வந்த பிறகு உன் ஸ்டேஷன் ஸ்கிரீனை ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. சிம் என் பேரில்தான் இருந்தது. நேற்று, வியாழக்கிழமை, கடைக்குப் போய் நிறுத்திவிட்டேன். இனி யாரும் அந்த வழியாக வர முடியாது. கதை முடிந்தது.

இன்னொன்று. நான் போட்டுக் கொடுத்தது பார்ப்பதற்கு மட்டும்தான். அதன் வழியாக எதையும் நகர்த்த முடியாது. ஆகவே மவுஸ்தான். மேஜையில் தூசியிருந்தால்கூட அம்பு நகரும்.

பயிற்சிக்குப் போ. நன்றாகச் சாப்பிடு, சர்ட்டிபிகேட் வாங்கு, வாயைத் திறக்காதே. திறந்தால் உன் வேலை போகும், கூடவே என்னுடையதும் போகும். இந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும்தானே? ஆலைகளுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கிறது. ஆகஸ்ட் வரைக்கும் நான் புரொபேஷன். அரசாங்கத் தண்ணீர் ஸ்டேஷனில் திருட்டுத்தனமாக நெட் குச்சி சொருகினவன் நான் என்று தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

போனை வைத்தது தப்புதான். ஆனால் நீ சொன்னதும் சின்ன வார்த்தை இல்லை. "அப்பாவைப் படுக்கையில் போட்டுட்டு மெட்ராஸுக்கு ஓடினவன்தானே நீ" என்றாய். தினமும் பல் தேய்க்கும்போது அது காதில் விழுகிறது.

மாதவ்


பவானிபூர்
18 ஜூன் 2025, புதன்

மாதவ்,

சொன்னது தப்பு. கோபத்தில் வந்துவிட்டது. நீ வேலைக்குத்தான் போனாய், ஓடவில்லை. ஆனால் நீ போன பிறகு ஒவ்வொரு பிஸியோதெரபிக்கும் அவரை மாடிப்படி இறக்கி ஏற்றினது யார் என்பதையும் ஒரு நிமிஷம் யோசி. போதும், இதை இத்தோடு விடுகிறேன்.

நீ கதை முடிந்தது என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இருபத்து மூன்று பேர் வந்திருக்கிறோம். சணல் ஆலை ஃபோர்மேன், பால் பண்ணைக்காரர், சப்ஸ்டேஷன் ஆட்கள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர். பெண்கள் நான்கு பேர். வாசலிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் சர்பானி மேடம். ஐம்பது வயதிருக்கும், குரலை உயர்த்துவதே இல்லை, அதனால் இன்னும் பயமாக இருக்கிறது. மேஜை மேல் நிஜமான சின்னத் தொட்டி, சின்ன பம்ப், எங்களுடையது போலவே ஒரு ஸ்கிரீன். ஒரு குழு தாக்க வேண்டும், மற்ற குழு காப்பாற்ற வேண்டும்.

நேற்று நான் காப்பாற்றும் குழு. திருடன் வருகிற வழியைக் கண்டுபிடித்து வயரைப் பிடுங்கிவிட்டோம். சணல் ஆலைக்காரர் கை தட்டினார். மேடம் டீ குடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷத்தில் தொட்டி தானாகக் காலியானது. திருடன் முதலிலேயே உள்ளே வந்து, இத்தனை மணிக்கு இப்படிச் செய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மேடம் எங்களைப் பார்த்து, "கதவைச் சாத்தினீங்க, சரி. உள்ளே யார் வந்துட்டுப் போனாங்க, என்ன வெச்சுட்டுப் போனாங்கன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். என்னை மட்டும் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது.

நீ சிம்மை நிறுத்தியது வயரைப் பிடுங்கினதுதான், மாதவ். மே மாதம் வந்தவன் யார், என்ன செய்துவிட்டுப் போனான் என்பது இன்னும் அந்த சீல் வைத்த பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாளே எல்லாருக்கும் ஒரு ரோஸ் நிறச் சீட்டு கொடுத்தார். உங்கள் இடத்தில் உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஓட்டை எதுவோ அதை எழுதுங்கள், பேர் போட வேண்டாம் என்றார். மேஜை மேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அடுத்த வியாழனுக்குள் அதில் போட வேண்டும், அன்றைக்கு எல்லார் முன்னாலும் படிப்பார். பேர் வேண்டாமாம்! வந்திருக்கிறவர்களில் தண்ணீர் ஸ்டேஷன்காரி நான் ஒருத்திதான். தொட்டி என்று எழுதினாலே என் நெற்றியில் ஒட்டின மாதிரி. சீட்டு மூன்று நாளாக என் பையில் வெறுமையாக இருக்கிறது.

'பார்ப்பதற்கு மட்டும்' என்றாயே, அதைப் பற்றி மேடத்திடம் பொதுவாகக் கேட்டேன். அப்படியானால் அம்பு நகரவே நகராது என்றார். தூசிக்கு அலாரம் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? உண்மையைச் சொல்.

வீட்டில் அப்பாவுக்கும் மூட் சரியில்லை. அவருடைய தண்ணீர் ஜோசியம் உனக்குத் தெரியாது. இன்றைக்குத் தண்ணீர் தாமதமாகும், இன்றைக்குக் குறைவாக வரும் என்று காலையிலேயே பால்கனியிலிருந்து கீழ் வீட்டு ஸ்மிதா பௌதியிடம் சொல்வார். அப்படியே நடக்கும். தெருவே அவரை நம்பி வாளி வைத்துக்கொண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமையிலிருந்து எல்லாம் தப்பாகப் போகிறது. ஸ்மிதா பௌதி, மேஷோமோஷாய்க்கு வயசாகிவிட்டது என்று அப்பாவைக் கேலி செய்தாளாம். மனுஷர் காப்பியைக்கூட ஆறவிட்டுக் குடிக்கிறார். நான் இருந்த எரிச்சலில், உங்க ஜோசியம் ஒண்ணுதான் குறைச்சல் என்று கத்திவிட்டேன். முகம் வாடிப்போய்விட்டது. பாவம்.

அக்கா


வேளச்சேரி
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அது பார்ப்பதற்கு மட்டும் இல்லை.

அன்றைக்கு அந்த செட்டிங்கை மாற்றப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வரும் நேரமாகிவிட்டது என்று நீ கைப்பையோடு வாசலில் நின்றாய். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று முழுசாகத் திறந்தபடியே விட்டுவிட்டேன். ஏதாவது அழுத்திவிடுவோமோ என்று நீ பயந்தாய். அதனால் பார்ப்பதற்கு மட்டும் என்று சொன்னேன். உனக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்ன பொய். பாஸ்வேர்ட் உன் பிறந்த தேதி. இதைவிட மோசமாக யாரும் செய்ய முடியாது. இதே வேலைக்குத்தான் இங்கே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பூஜைக்கு நீ எடு என்றபோது ஏன் எடுக்கவில்லை தெரியுமா? எடுக்க வேண்டுமானால் கேபினெட்டைத் திறக்க வேண்டும், திறந்தால் யார் வைத்தது என்று கேட்பார்கள். அப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ ஓடினவன் என்று சொன்னபோது அவ்வளவு சுட்டதற்குக் காரணம் அதுதான். அப்பாவை விட்டு நான் ஓடவில்லை. இதை விட்டு ஓடினேன்.

ஆகவே அக்கா, எழுது. சீட்டில் என் பேரையும் எழுது. இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். என்ன வைத்தேன், எந்தத் தேதியில் வைத்தேன், எப்படி வைத்தேன், உன்னிடம் என்ன பொய் சொன்னேன் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் தமிழை நம்பாமல் அதை மட்டும் ஆங்கிலத்தில் எழுதினேன். உன் எஞ்சினியரிடம் கொடு. நாளைக் காலையில் முதல் வேலையாக ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், வியாழனுக்குள் வந்துவிட வேண்டும்.

பயமாகத்தான் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாதவ்


பவானிபூர்
27 ஜூன் 2025, வெள்ளி

அன்புள்ள மாதவ்,

பார்த்தாயா, போட்டுவிட்டேன்.

இன்று ரத யாத்திரை லீவு. தெருமுனையில் அப்பளம் பொரிக்கிற வாசனை வீட்டுக்குள் வருகிறது. பத்து நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. நான்கு அப்பளம் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் தாள் புதன் சாயங்காலம் வந்தது. அதற்கு முன்பே எழுதியிருப்பேனா என்று நீ கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். வந்த பிறகு யோசிக்கவே இல்லை. ரோஸ் சீட்டில் இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். பேர் போட வேண்டாம் என்றார்கள், நான் போட்டேன். உன் பேரையும் என் பேரையும். சீட்டை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதையும் எழுதினேன். அதுவும் ஓட்டைதானே.

நேற்று மேடம் டின்னைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மாதவ், நீ அங்கே இருந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதிக் காளி படத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார் ஒருவர். கிரிக்கெட் பார்ப்பதற்காகக் கண்ட்ரோல் கம்ப்யூட்டரில் நெட் கொடுத்திருக்கிறார் இன்னொருவர். ரிப்பேர் கம்பெனிக்காரன் வைத்துவிட்டுப் போன நெட் குச்சி ஒன்று மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்க வசதி செய்துகொண்டவர்கள் என்னைச் சேர்த்து ஒன்பது பேர். முதலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. இந்த இருபத்து மூன்று சீட்டுதான் இந்தப் பயிற்சி, மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது என்றார்.

என்னுடையதைப் படிக்கும்போது பேர்களை விட்டுவிட்டார். அலாரம் அணைந்த இடத்தில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மற்றவர்களுடையது ஓட்டை. என்னுடையதில் யாரோ வந்தே போயிருக்கிறார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டீ நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். உங்க எஞ்சினியருக்குத் தெரியணும், நானும் வரேன் என்றார். அன்றைக்கே என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். எஞ்சினியர் உன் தாளையும் என் சீட்டையும் படித்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை கேபினெட்டைத் திறந்து பார்க்கலாம், மற்றதை அப்புறம் முடிவு செய்யலாம் என்றார். மற்றது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சஸ்பென்ஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் பம்பைக் கையால் ஓட்டச் சொல்லி இஸ்மாயிலிடம் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா


வேளச்சேரி
1 ஜூலை 2025, செவ்வாய்

அன்புள்ள அக்கா,

இன்றைக்குச் செவ்வாய். அங்கே பெட்டியைத் திறந்திருப்பார்கள். எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை. உனக்குப் போன் செய்தேன். இன்னும் என்னை பிளாக்கில்தான் வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு அடித்தேன், அக்கா டியூட்டிக்குப் போயிருக்கிறாள், நீ சாப்பிட்டாயா என்றாள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே என் மேனேஜர் சீதாராமன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதை நான் விரும்பவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் என் டேபிளில் இருக்கும் டப்பா, டம்ளர் எல்லாவற்றையும் மனசுக்குள் பேக் பண்ண ஆரம்பித்துவிட்டேன். "நானாக் கண்டுபிடிச்சிருந்தா இன்னிக்கே உன்னை அனுப்பியிருப்பேன். நீயா வந்து சொல்லிட்ட. என்ன பண்றது உன்னை?" என்றார். கடைசியில் புரொபேஷனை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார். நாங்கள் பேனல் கொடுத்த இடங்களில் இப்படி எத்தனை குச்சி இருக்கிறது என்று என்னையே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உனக்குத்தான் எங்கே ஒளிச்சு வைப்பாங்கன்னு தெரியும் என்றார். திட்டா பாராட்டா என்று புரியவில்லை.

நான் தப்பித்துவிட்டேன். நீ தப்பித்தாயா? வந்தவன் யார்? ஒரு வரி எழுது.

மாதவ்


பவானிபூர்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள மாதவ்,

ஒரு வரியில் சொன்னால் நம்ப மாட்டாய். உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை சீலை உடைத்துக் கேபினெட்டைத் திறந்தார்கள். உன் குச்சி அப்படியே இருந்தது, பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை. மேடம் அவருடைய லேப்டாப்பை மாட்டி, இதுவரை யார் யார் வெளியிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியலை எடுத்தார். எஞ்சினியர், இஸ்மாயில், நான் மூன்று பேரும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றோம்.

பட்டியலில் ஒரே ஒரு போன்தான். பேர், கீது.

நீ என் போனுக்கு வைத்த பேர். போன ஜூலையில் தொடங்கி இந்த ஜூன் 12 வரைக்கும் கீது, கீது, கீது. ஆஸ்பத்திரி நாட்களை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒரே மாதிரி. பூஜையிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு வருகிறது, கால் மணி நேரம் இருக்கிறது, போய்விடுகிறது. மே 22ஆம் தேதியும் இருக்கிறது. எஞ்சினியர் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நான் இல்லை சார், அந்த நேரத்தில் நான் இதே சீட்டில்தான் இருப்பேன், பூஜைக்குப் புது போன் வாங்கினேன், அதில் இந்த ஆப்பையே போடவில்லை என்று உளறினேன்.

மேடம் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே, திருடன் இவ்வளவு ஒழுங்காக வர மாட்டான், இது பென்ஷன்காரர் வாக்கிங் போகிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, பழைய போன் எங்கே என்று கேட்டார்.

வீட்டில் என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த அந்தப் பழைய போனில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதுல தண்ணித் தொட்டி ஒண்ணு வருமா?"

"வந்துண்டிருந்தது. மூணு வாரமா வரலை. ரிப்பேர் பண்ணிக் கொடுக்கறியா?" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மே மாதம் சிவப்பாக ஏதாவது மினுக்கித்தா என்று கேட்டேன். ஆமாம், கண்ணை உறுத்தித்து, விரலால் தொட்டேன், அணைந்துடுத்து, ஏன், தொடக்கூடாதா என்றார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை, அது அழுகையாகிவிட்டது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை அம்மா, யாருக்கும் ஒன்றுமே ஆகவில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு வாரமாக நான் பயந்த திருடன் என் வீட்டுப் பால்கனியில் வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஜோசியமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்கும் புரிந்திருக்கும்.

போனைக் கொடுக்கும்போது போட்டோக்களை மட்டும் அழித்தேனே தவிர, அந்த ஆப் ஞாபகத்துக்கே வரவில்லை. அது என் தப்பு, உன்னுடையது இல்லை.

தினமும் எதற்கப்பா பார்த்தாய் என்று கேட்டேன். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரில நீ என்னைப் பாதி, அதைப் பாதின்னு பார்த்துண்டிருப்ப. என்னமோ முக்கியமாக்கும்னு நானும் பார்க்க ஆரம்பிச்சேன். நீ இருட்டோட கிளம்பிப் போற. ஆறரைக்குத் தண்ணி கீழே இருக்கும். அப்புறம் ஏறும். ஏறித்துன்னா நீ பத்திரமாப் போய்ச் சேர்ந்து சீட்டுல உட்கார்ந்தாச்சுன்னு அர்த்தம். அப்புறம்தான் நான் காப்பி குடிப்பேன்" என்றார்.

மூன்று வாரமாக அவர் காப்பியை ஆறவிட்டுக் குடித்தது இதற்குத்தான். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன், நினைவிருக்கிறதா?

போனை மேடத்திடம் கொடுத்தோம். உள்ளே வேறு யாரும் வரவில்லை, எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று மூன்று நாள் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தை எஞ்சினியர் படித்து முடிக்கும்வரை நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். சஸ்பென்ஷன் இல்லை. சீட்டை விட்டுப் போனதற்கும், ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கும் எனக்கு ஒரு மெமோ. கேபினெட்டைத் திறந்து போட்டதற்கு அவரே தன் பேரிலும் ஒன்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சர்ட்டிபிகேட் வாங்கினேன். இந்த மாதக் கடைசியில் மற்ற ஸ்டேஷன் ஆட்களைக் கூப்பிட்டு நான் பேச வேண்டுமாம். பிஸ்கட் டின்னை மேடம் எனக்கே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினேன், கனவுகூட வரவில்லை.

இஸ்மாயிலிடம் விஷயத்தைச் சொன்னேன். பம்பைக் கையால் ஓட்டின எரிச்சலெல்லாம் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஆள் எடுக்கும்போது உங்கப்பாவை எடுக்கச் சொல்லுங்க, ஒரு நாள்கூட லீவு போடலை என்றார்.

அப்பாவுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. தான் செய்தது தப்பு என்பது புரிந்துவிட்டது. அலாரம் எதற்கு என்று விளக்கிச் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. ஸ்மிதா பௌதியிடம் தானே போய், இனிமேல் தன்னைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். போன் திரும்பி வந்ததும் அந்த ஆப் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்ப நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நேற்று சனிக்கிழமை, மூன்று வாரத்துக்குப் பிறகு என் சீட்டில் உட்கார்ந்தேன். தொட்டி ஏறினதும் கண்ட்ரோல் ரூமில் இருக்கிற பழைய மேஜை போனை எடுத்து அவருக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

"ஏறிடுத்தா?"

"ஏறிடுத்துப்பா."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். சுடச்சுட ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாராம், அம்மா சொன்னாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். உனக்கு என்மேல் கோபம் இன்னும் பாக்கி இருந்தால் போனிலேயே திட்டிக்கொள், கேட்டுக்கொள்கிறேன். கடிதமும் அவ்வப்போது போடு. தபாலாபீஸ் வரைக்கும் நடப்பதற்கு அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். வீட்டுப் பத்திரச் சண்டை தீர்ந்துவிட்டதா என்று நேற்றுகூடக் கேட்டார், தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. காலை ஆறே முக்காலுக்கு மட்டும் அப்பாவுக்கு அடிக்காதே. லைன் பிஸியாக இருக்கும்.

உன் அக்கா
கீது